‘தெரியல’ என்று சொன்ன பையனும் சுவரில் ஓடிய கோடுகளும்

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய பெரியக்காவுக்கு, உன் தம்பி பணிந்து எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் நலம். அவ்விடம் நீயும் மச்சானும் பாப்பாவும், கொட்டிலில் இருக்கிற கறுப்பியும் அவள் குட்டிகளும் நலம் என்றுதான் அடுத்த வரி வர வேண்டும். கை அதுபாட்டுக்கு எழுதப் போனது. நிறுத்திவிட்டேன். இந்தப் பையன் வீட்டில் வந்து தங்கிய பிறகு, தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆகவே அவ்விடத்துச் சுகம் எனக்குத் தெரியாது. தெரியப்படுத்தவும்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடுதாசி என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தவுடன் மச்சான் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். நான் ‘பையன்’ என்றால் அவர் ‘பெரிய பையன்’ என்கிறார். நான் ‘வேலை’ என்றால் ‘வெட்டி வேலை’ என்கிறார். கடுதாசியில் குறுக்கே பேச முடியாது, அது ஒரு நிம்மதி. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் நான். பஸ்ஸின் நெற்றியில் போட்டிருக்கிற ஊர்ப்பேரைப் பார்த்துப் பார்த்து எழுத்துப் பழகியவன். அதனால் என் எழுத்தும் பஸ் மாதிரிதான் போகும்; குலுங்கும், கண்ட இடத்தில் நிற்கும், கேட்காத ஊருக்கெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நீ இறங்க வேண்டிய இடத்துக்கு வரும். நீ அவசரப்படாமல் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொள்.

நீ என்னை எதற்கு அனுப்பினாய் என்பது மறக்கவில்லை. பாப்பாவுக்கு இந்த இடம் தானாக வந்தது. பையன் ஒழுங்கானவன் என்று நாலு பேர் சொன்னார்கள். போனில் முகம் பார்த்துப் பேசினோம், எல்லாம் சுமுகமாகத்தான் போனது. கடைசியில் மச்சான் மீசையைத் தடவிக்கொண்டு, “எங்க பொண்ணைப் பிடிச்சிருக்கா தம்பி?” என்று கேட்டார். பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “தெரியலங்க” என்றான். அன்றைக்கு மச்சான் போட்ட சத்தத்தில் கறுப்பி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது உனக்கும் நினைவிருக்கும். “பிடிச்சிருக்குன்னு சொல்லு, பிடிக்கலன்னாவது சொல்லு. தெரியலன்னா என்னடா அது, பஸ் எப்ப வரும்னா கேட்டேன்?” என்று வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தார். அத்தோடு அவன் என்ன வேலை பார்க்கிறான் என்பதும் நம் வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. “நடக்குற கணக்கை நடக்குறப்பவே எடுத்துக் கண்காணிப்புக்கு அனுப்புறேன்” என்று அவன் சொன்னதைக் கேட்டு, மச்சான் அது ஒற்று வேலை என்று முடிவு கட்டிவிட்டார். நீதான் அடுப்படியில் என்னைக் கூப்பிட்டு, “நீ போய் ஆளையும் பாரு, வேலையையும் பாரு. ஒரே வார்த்தை சொல்லு. நீ சரின்னா தேதி குறிச்சிடறேன், வேண்டாம்னா இதோட விட்டுடறேன்” என்றாய். ஒரு பெண்ணின் வாழ்க்கை என் வாயில் தொங்குகிறது என்ற கனத்தோடுதான் பஸ் ஏறினேன்.

ஆட்டுத் தரகனுக்கு ஆளைப் பார்க்கத் தெரியாதா என்று நினைத்திருப்பாய். ஆடு என்றால் பல்லை எண்ணி வயசைப் பார்ப்பேன், முதுகைத் தடவுவேன், நாலு எட்டு நடக்க விடுவேன். முன்பு சந்தையில் ஒரு ஆடு காலையிலிருந்து கத்தவே இல்லை. ஊமை ஆடு, சாதுவான ஆடு, பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஏற்ற ஆடு என்று நானே வாய் நிறையச் சொல்லித் தள்ளிவிட்டேன். வாங்கிப்போனவர் மறுநாளே இழுத்துக்கொண்டு வந்தார். ராத்திரி முழுக்கத் தெருவே தூங்கவில்லையாம். சந்தையில் அதன் வாய் நிறைய என்னுடைய பை இருந்திருக்கிறது. பையை மென்று முடித்த பிறகுதான் கத்த ஆரம்பித்திருக்கிறது. இதை எதற்குச் சொல்ல வந்தேன் என்று மறந்துவிட்டது. நினைவு வந்தால் பின்னால் எழுதுகிறேன்.

பையன் வீடு மாடியில் இருக்கிறது. சின்ன வீடு, சுத்தமான வீடு. கதவைத் திறந்து “வாங்க” என்றான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை வர வேண்டுமே, வரவில்லை. என் பையை வாங்கி வைத்துவிட்டு, “உங்கள என்னன்னு கூப்பிடணும்னு இன்னும் தெரியல. மாமான்னா முந்திக்கிட்ட மாதிரி ஆயிடும், சார்னா தள்ளி வச்ச மாதிரி ஆயிடும். அதனால இப்போதைக்கு எதுவும் கூப்பிடாம இருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க” என்றான். எனக்கு எப்படி இருந்திருக்கும் யோசித்துப் பார். சாப்பாடு அவனே ஆக்கிப் போட்டான். உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டான். வந்த இடத்தில் குறை சொல்வானேன் என்று பிரமாதம் என்றேன். அவன் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, “பிரமாதம் இல்லீங்க, உப்பே போடல நான்” என்று டப்பாவை எடுத்துவந்து என் முன்னால் வைத்தான். வெட்கம் எனக்குத்தான். உப்புப் போடாதவன் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

மறுநாள் நானும் அவன் ஆபீசுக்கு வருவேன் என்று அடம்பிடித்தேன். அவன் கேட்டு அனுமதி வாங்கி அழைத்துப்போனான். வாசலிலேயே எனக்கும் அந்தக் கட்டிடத்துக்கும் ஒத்துப்போகவில்லை. அங்கே ஒரு கதவு, அட்டையைக் காட்டினால் ஒரே ஒரு ஆளை மட்டும் விடுகிறது. எனக்கும் ஒரு அட்டை தந்திருந்தார்கள். அது தெரியாமல், வெள்ளத்தில் ஆற்றைக் கடக்கிற மாதிரி பையன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நானும் கூடவே நுழைந்தேன். கதவு பாதியில் சாத்திக்கொண்டு கத்த ஆரம்பித்தது. காவலுக்கு நின்றவர் ஓடிவந்து, “ஐயா, அது ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான்” என்றார். நான், “நாங்க ஒரே குடும்பம்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். பையன் காதெல்லாம் சிவந்துபோனது. இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை, அவன் வழக்கம்தான்.

உள்ளே போனால் ஒரு நீள அறை. அக்கா, நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு சுவரைப் பார்த்ததில்லை. சுவர் முழுக்கக் கண்ணாடித் திரை, திரை முழுக்கக் கோடுகள். பச்சைக் கோடு, நீலக் கோடு, மஞ்சள் கோடு, எல்லாம் இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு ஊரின் பேர். நான் எழுத்துப் பழகிய பஸ் பலகைகளையெல்லாம் கழற்றிக்கொண்டு வந்து வரிசையாக மாட்டிய மாதிரி இருந்தது. ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்தேன். நம் சின்னக்காவைக் கட்டிக்கொடுத்த ஊரும் இருந்தது. அந்தக் கோடு மேலும் கீழுமாக மூச்சு விடுகிற மாதிரி ஆடியது. மனுஷன் நெஞ்சுத் துடிப்பை ஆஸ்பத்திரியில் காட்டுவார்களே, அது மாதிரி ஊர் ஊருக்கு ஒரு நெஞ்சு. நான் ஆச்சரியத்தில் பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த நாற்காலிக்குச் சக்கரம் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அறையின் மறுகோடிக்குப் போய், அங்கே நின்றுகொண்டிருந்த ஒருவர் முழங்காலில் மோதித்தான் நின்றேன். அவர்தான் பையனுக்கு மேலதிகாரி. அங்கே எல்லாரும் அவர் முதுகுக்குப் பின்னால் அவரை ‘அவசரம்’ என்று கூப்பிடுகிறார்கள். “யாருய்யா இது, எதுக்கு உருண்டு வர்றார்?” என்றார். “நம்ம விருந்தாளி சார்” என்றான் பையன். விருந்தாளி என்ற அந்த ஒரு வார்த்தையை அவன் எவ்வளவு நேரம் தேடி எடுத்திருப்பான் என்று எனக்குத்தான் தெரியும்.

இப்போது வேலையைச் சொல்கிறேன், நன்றாகக் கேள். மச்சானுக்கும் படித்துக் காட்டு. ஊர் உலகமெல்லாம் போனில் படம் பார்க்கிறது, பாட்டுக் கேட்கிறது, பந்தாட்டம் பார்க்கிறது. எல்லாரும் ஒரே இடத்தில் வந்து ‘எனக்குக் கொடு, எனக்குக் கொடு’ என்று நின்றால் அந்த இடம் நசுங்கிப்போகும். அதனால் இவர்கள் ஊருக்கு ஊர் ஒரு கிளை வைத்து, எல்லாரும் கேட்கிற சரக்குக்கு அங்கங்கே ஒரு நகல் இறக்கி வைத்திருக்கிறார்கள். கேட்டவர்களுக்குப் பக்கத்திலேயே எடுத்துக் கொடுத்துவிடலாம். கிளையில் இல்லாததைக் கேட்டால்தான் தலைமை இடத்துக்கு ஓட வேண்டும். சரி, கிளையில் எத்தனை பேர் வந்து கேட்டார்கள், எத்தனை பேருக்கு அங்கேயே கிடைத்தது, எத்தனைக்குத் தலைமை இடத்துக்கு ஓடினார்கள், எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்ற கணக்கு நொடிக்கு நொடி வந்துகொண்டே இருக்குமாம். அக்கா, நொடிக்கு நொடி! நான் இந்த வரி எழுதுவதற்குள் அங்கே எத்தனையோ தடவை கணக்கு மாறியிருக்கும்.

“அப்ப உன் வேலை என்ன, அந்தக் கணக்கை எண்ணுறதா?” என்று கேட்டேன்.

“எண்ணுறது கிளையில இருக்குற மெஷின். அது பேசுற பாஷை வேற. இந்தச் சுவத்துக்குப் பின்னால ஒரு கண்காணிப்பு மெஷின் இருக்கு, அது கேக்குற பாஷை வேற. கண்காணிக்கிறது அப்பப்ப ஒரு சுத்து வரும். அது வர்றப்ப கணக்கு தயாரா இருக்கணும். நான் எழுதி வச்சிருக்குற புரோகிராம் நடுவுல நிக்குது. இந்தப் பக்கம் கேட்டு வாங்கி, அந்தப் பக்கம் புரியுற மாதிரி வச்சுக் காத்திருக்கும்.”

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. “அடேய், இது தரகு வேலைடா!” என்று கத்திவிட்டேன். பக்கத்தில் காதில் ஹெட்போன் மாட்டியிருந்தவர்களெல்லாம் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆமா, தரகுதான்” என்றான்.

“நடுவுல நிக்கிறப்ப கொஞ்சம் கூட்டிக் கொறைச்சுச் சொல்லுமா?”

“சொல்லாது.”

“ரெண்டு பல் ஆட்டை நாலு பல்லுன்னு?”

“ரெண்டுன்னா ரெண்டுதான்.”

“பல்லே பாக்கலன்னா?”

“பாக்கலன்னு சொல்லும்.”

அக்கா, இத்தனை வருஷம் தரகு பார்த்தவன் நான். நடுவில் நின்றும் தன் வாய்ச் சரக்கு ஒரு துளிகூடச் சேர்க்காத ஒரு தரகன் உலகத்தில் இருக்கிறான் என்று எவனாவது சொல்லியிருந்தால், அவனையே நாலு பல் ஆடு என்று விற்றிருப்பேன். அப்படி ஒருவனை இந்தப் பையன் உட்கார்ந்து எழுதி, சம்பளம் தராமல், சாப்பாடு போடாமல், நிற்க வைத்திருக்கிறான். எனக்குக் கையெடுத்துக் கும்பிடலாமா என்று இருந்தது. யாரைக் கும்பிடுவது என்று தெரியாததால் பொதுவாகச் சுவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

அன்றைக்குப் பார்த்துப் பந்தாட்டத்தின் கடைசி ஆட்டம். பகல் சாப்பாடு முடிந்ததும் தொடங்கியது. கோடுகள் எல்லாம் ஒன்றாக எழும்பின பார், காற்றடித்தால் பயிர் சாய்வது தெரியும், நிமிர்வதைப் பார்த்திருக்கிறாயா, அந்த மாதிரி. ஒவ்வொரு ஊரிலும் எத்தனை வீட்டில், எத்தனை கடை வாசலில், எத்தனை பேர் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அத்தனை பேர் மூச்சும் இந்தச் சுவரில் கோடாக ஏறுகிறது, அதில் ஒருத்தர்கூட இப்படி ஒரு சுவர் இருப்பது அறியமாட்டார்கள். அவசரம்கூட வாயைத் திறந்தபடி நின்றார்.

அப்பதான் அக்கா, சின்னக்கா ஊர்க் கோடு அறுந்துச்சு. கீழ விழல, சாயல, பாதியிலயே அறுந்துச்சு. மத்த ஊரெல்லாம் ஓடுது, அந்த ஊர் மட்டும் இல்ல. ஆஸ்பத்திரியில கோடு நின்னா என்ன அர்த்தம்னு நமக்குத் தெரியாதா? “ஐயோ, ஊரே போச்சே! எங்க அக்காவைப் புதைக்கக்கூட ஆள் இல்லாமப் போச்சே!”ன்னு நான் நெஞ்சுல அடிச்சுக்கிட்டேன். அவசரம் எனக்கு மேல கத்துறார். “சைபர் ஆயிடுச்சு! அந்த ஊர்க் கிளை செத்துப்போச்சு! அங்க வர்ற ஆளை எல்லாம் பக்கத்து ஊர்க் கிளைக்குத் திருப்பி விடுங்க, உடனே!” அவரும் நானும் சேர்ந்து எழவு வீடு மாதிரி ஆக்கிட்டோம்.

நம்ம பையன் மட்டும் எழுந்திரிக்கல. திரையைப் பாத்துக்கிட்டே, “சார், சைபர் இல்ல” அப்படின்னான்.

“கோடே இல்லையேய்யா! அப்புறம் சைபர் இல்லாம என்ன?”

“சைபர்னா கோடு அடியில ஓடும். இது ஓடல. அதாவது யாரும் இல்லன்னு சேதி வரல, சேதியே வரல.”

“அப்ப அங்க படம் ஓடுதா இல்லையா?”

“தெரியல சார்.”

“மேலிடத்துல கேட்டா நான் என்ன சொல்றது?”

“தெரியலன்னு சொல்லுங்க சார். பக்கத்து ஊர்க் கிளை ஏற்கனவே மூச்சு முட்டுது. இந்த ஊரையும் அதுமேல ஏத்தினா ரெண்டும் சேர்ந்து படுத்துரும். நல்லா ஓடுற ஊரை நாமே நிறுத்தினவங்களா ஆயிடுவோம்.”

“ஓடலன்னா? உன் பேச்சைக் கேட்டு நான் சும்மா நின்னேன்னு ஆச்சுன்னா, உனக்கு இங்க வேலை இருக்காது, தெரியுமில்ல?”

“அது தெரியும் சார்.”

அந்தக் குரல்ல நடுக்கம் இருந்துச்சுக்கா, இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா தெரியலங்கறதைத் தெரியும்னு மாத்திச் சொல்லல. அந்த நாள்ல மச்சான்கிட்ட சொன்ன அதே வார்த்தை, அதே மூஞ்சி. மச்சானாவது பொண்ணைத்தான் குடுக்கமாட்டேன்னார், இவர் சோத்தையே பிடுங்குவேங்கறார்.

நான் என்ன செஞ்சேன்னா, சின்னக்கா உசிரோட இருக்காளான்னு பாக்க போனைப் போட்டேன். எடுத்தா. “சின்னக்கா, இருக்கியா?”ன்னு அழுதேன். “டேய், கடைசி நேரம்டா, கோல் விழப்போவுது, போனை வைடா சனியனே!”ன்னா. அவ குரலுக்குப் பின்னால தெருவே ஓன்னு கத்துது. உசிரோடதான் இருக்கா, வழக்கத்தைவிட நல்லாவே இருக்கான்னு நான் கண்ணைத் தொடைச்சேன். பையன் சட்டுனு திரும்பி, “அங்க படம் ஓடுதா? நிக்காம ஓடுதான்னு கேளுங்க”ன்னான். கேட்டேன். “ஓடாம நான் என்ன செவுத்தையா பாத்துக்கிட்டு இருக்கேன்!”ன்னு சொல்லி வச்சுட்டா. பாவம், அவ பாக்கல, செவுத்தைப் பாத்துக்கிட்டு இருந்தவங்க நாங்கதான்.

அவசரத்துக்கு அப்பதான் மூச்சு வந்துச்சு. பையன் குனிஞ்சு தட்டித் தட்டிப் பாத்தான். கடைசியில என்னன்னா, அவன் நிக்க வச்ச அந்தத் தரகன்தான், அந்த ஒரு ஊர்கிட்ட கேட்ட கேள்விக்குப் பதில் வராம, வரும் வரும்னு வாசல்லயே நின்னுட்டு இருந்திருக்கான். “தப்பு என்னோடதுதான். பதில் வரலன்னா எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு அதுக்கு நான் சொல்லிக் குடுக்கல”ன்னு அத்தனை பேர் முன்னாடியும் சொன்னான். ஏதோ எழுதினான், அதைத் திரும்ப எழுப்பிவிட்டான். அந்த ஊர்க் கோடு பளிச்சுனு வந்துச்சு பாரு, எல்லா ஊருக்கும் மேல, உச்சியில. கோல் விழுந்திருக்கு! காதுல மாட்டியிருந்தவங்க எல்லாம் கைதட்டினாங்க. நான் யாருன்னு தெரியாத ஒருத்தரைக் கட்டிப்பிடிச்சுட்டேன்.

இதுல எனக்கு மெய் சிலிர்த்தது எது தெரியுமா? அதுக்கப்புறம் நடந்ததுதான். கோடு அறுந்த இடத்துல ஒரு ஓட்டை மாதிரி இடைவெளி இருந்துச்சு. அவசரம், “அதைக் கொஞ்சம் சேர்த்துவிட்டுடேன்யா, இந்த முனையையும் அந்த முனையையும் இழுத்துவிட்டா யாருக்கும் தெரியாது, மேலிடத்துலேருந்து வந்து பாத்தா அசிங்கமா இருக்கும்”னார். பையன் சொல்றான்: “அந்த நேரத்துல அங்க என்ன இருந்துச்சுன்னு நமக்குத் தெரியாது சார். கோடு போட்டா தெரிஞ்ச மாதிரி ஆயிடும். இடைவெளி இடைவெளியாவே இருக்கட்டும்.” அக்கா, நானா இருந்தா அந்த இடத்துல கோடு மட்டுமா போட்டிருப்பேன், பூ வேலையே செஞ்சிருப்பேன்.

சாயங்காலம் ஆபீஸ் கீழ இருக்குற டீக்கடையில நின்னோம். அவன் டீயைச் சட்டையில சிந்திட்டுத் துடைச்சுக்கிட்டு இருந்தான். நல்ல சமயம்னு கேட்டுட்டேன். “தம்பி, எங்க பொண்ணு விஷயத்துல ஏன்பா அன்னைக்கு தெரியலன்னே?”

அவன் டம்ளரைக் கீழ வச்சான். “அன்னைக்கு அவங்க அப்பா பேசினார், அம்மா பேசினாங்க, நீங்க பேசினீங்க. நீங்க ஒரு ஆட்டுக் கதைகூடச் சொன்னீங்க. அவங்க மட்டும் ஒரு வார்த்தை பேசல. அவங்க பக்கத்துலேருந்து எதுவுமே வரலீங்க. நான் என்னன்னு சொல்றது?”

“பொண்ணு பேசலன்னா சம்மதம்னுதானேப்பா அர்த்தம்? இல்லன்னா வேண்டாம்னு சொல்லியிருப்பாளே?”ன்னு சிரிச்சேன்.

அவன் என்னையே பாத்தான். பகல்ல அந்த ஓட்டையைப் பாத்தானே, அதே பார்வை. எனக்குப் புரியல. வேலை அலுப்புன்னு நினைச்சுக்கிட்டேன், கடைக்காரர்கிட்ட இன்னொரு டீ சொன்னேன்.

ஆகவே அக்கா, நீ கேட்ட ஒரே வார்த்தையை இதோ சொல்கிறேன்: சரி. பையன் தங்கம். வேலை ஒற்று வேலை இல்லை, பொய் சொல்லாத தரகு வேலை. அதைவிடப் பெரிய வேலை நான் கண்டதில்லை. உப்பு மட்டும் மறந்துவிடுவான், அதைப் பாப்பா பார்த்துக்கொள்வாள். இந்தக் கடுதாசி கண்டவுடன் தேதி குறித்துவிடு. மச்சான் முரண்டு பிடித்தால் நான் சொன்னதாகச் சொல். இந்தத் தடவை நான் ஒரு பல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

மச்சானின் மீசைக்கு என் மரியாதையைத் தெரிவி. பாப்பா நிறைந்த வாழ்வு வாழ வேண்டும் என்று தாய்மாமன் மனசார வாழ்த்துகிறேன். கறுப்பியின் குட்டிகளுக்கு என் பேரைச் சொல்லித் தடவிக் கொடு. உன் காலடியில் விழுந்து எழுந்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின் எழுதியது: அக்கா, மேல எழுதினதை எல்லாம் மடிச்சு ஓரமா வை. தேதி குறிக்காதே. குறிச்சிருந்தா அழிச்சிடு. கவர்ல எச்சில் தொட்டு ஒட்டப் போறப்பதான் அந்தப் பையை மென்ன ஆடு நினைவுக்கு வந்துச்சு, எதுக்காக அதைச் சொல்ல வந்தேன்னும் விளங்குச்சு. நம்ம வீட்டுல எல்லாரும் இந்தச் சம்பந்தத்தைப் பத்திப் பேசினோமே, பாப்பா என்னைக்காவது பேசினாளா? நீ கேட்டியா? மச்சான் கேட்டாரா? நான் கேட்டேனா? வெறும் ஓட்டை அங்க இருக்கு, அதுக்கு மேல நாமளா சம்மதம்னு கோடு போட்டு வச்சிருக்கோம். எனக்கு அந்த டீக்கடைப் பார்வை அப்பதான் புரிஞ்சுது.

உடனே பாப்பாவுக்கு போன் போட்டேன். “பாப்பா, உனக்கு இந்தப் பையனைப் பிடிச்சிருக்கா?”ன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. பழக்க தோஷம், ‘சரி, சம்மதம்’னு சொல்ல வாய் வந்துடுச்சு. நாக்கைப் பல்லால பிடிச்சுக்கிட்டு நின்னேன். நின்னுக்கிட்டே இருந்தேன். அப்புறம்தான் குரல் வந்துச்சு.

“மாமா, நிஜமாவே கேக்குறீங்களா, இல்ல சும்மா கேக்குறீங்களா?”

“நிஜமாதான்மா.”

“இவ்வளவு நாள்ல யாருமே கேக்கலையே மாமா.”

“இப்ப நான் கேக்குறேன். சொல்லு.”

“தெரியல மாமா”ன்னா.

எனக்குச் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல. சுவத்துக் கதையைச் சொன்னேன், கோடு அறுந்த கதையைச் சொன்னேன், சின்னக்கா திட்டின திட்டைச் சொன்னேன். அவ சிரிக்கல, கேட்டுக்கிட்டே இருந்தா. அப்புறம் கேக்குறா: “எல்லா ஊரும் ஒழுங்கான்னு அந்தத் தரகன் சொல்லுவான் சரி, தரகன் வாசல்ல நின்னு தூங்கிட்டான்னா அதை யாரு மாமா சொல்லுவா? அவனைப் பாக்க ஒருத்தன் வேணாமா?” எனக்கு என்ன தெரியும்? போனைப் பையன் கையில குடுத்துட்டேன். அவ அதையே அவன்கிட்ட கேட்டதுதான் தாமதம், அவன் நின்ன இடத்துலயே உக்காந்துட்டான். “நல்ல கேள்விங்க, எனக்குத் தெரியலைங்க, யோசிக்கணும்”னான். அவ அந்தப் பக்கம் ஏதோ சொல்றா, இவன் ஏதோ சொல்றான், அடுப்புல சோறு அடிப்பிடிச்சுப் புகை வருது, ரெண்டு பேரும் நிறுத்தின பாடில்ல. நான்தான் போய் அணைச்சுட்டு வந்து இதை எழுதுறேன். இன்னைக்கு உப்பும் இல்ல, சோறும் இல்ல.

நடுவுல கறுப்பிக்குக் காய்ச்சல்னு பாப்பா சொன்னா. பாத்தியா, முதல் வரியில எல்லாரும் நலம்னு எழுதியிருந்தா பொய்யாப் போயிருக்கும். வெந்நீர் வச்சுக் குடு.

“ரெண்டும் தெரியலன்னா அப்புறம் என்னதான்டா பதில்?”னு மச்சான் குதிப்பார். எனக்கும் தெரியலன்னு சொல்லு. ஆனா சைபர் இல்லக்கா. சேதி இப்பதான் வர ஆரம்பிச்சிருக்கு.